படுக்கையோடு முடியும் காப்பீடு



இதயத்தில் ஓட்டையுடன் பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், கரிசல் காட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பம் இன்று நிலத்தையோ நகையையோ விற்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் போதும். அறுவைச் சிகிச்சை கட்டணமின்றி நடைபெறுகிறது. பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாத குழந்தைக்கு 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தவும் இத்திட்டம் வழி செய்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு இவையெல்லாம் பெருநகரத்துச் செல்வந்தர்க்கு மட்டுமே வாய்த்தவை. இந்த மாற்றத்தை நன்றியோடு பதிவு செய்துவிட்டே எங்கள் கருத்தைக் கூற விரும்புகிறோம்.

எங்கள் புறநோயாளர் பிரிவுக்குப் பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய வட்டாரங்களிலிருந்து சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் வருகிறார்கள். அவர்களுள் பலருக்குத் தேவைப்படுவது அறுவைச் சிகிச்சை அன்று. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வாரந்தோறும் இயன்முறைப் பயிற்சி வேண்டும். வலிப்பு உள்ள குழந்தைக்கு ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் பல ஆண்டுகள் வேண்டும். முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் இன்சுலினும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும்.

நம் காப்பீட்டுத் திட்டங்களோ, குழந்தை மருத்துவமனைப் படுக்கையில் சேர்க்கப்படும் நாளையொட்டித் தொடங்கி, வீடு திரும்பிய சில நாட்களில் முடிந்துவிடுகின்றன. பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்கும் வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கும் ஆகும் செலவு ஏற்கப்படுகிறது. அதன் பிறகு? சிறப்புத் தேவையுடைய குழந்தைக்கு உண்மையான சிகிச்சை தொடங்குவதே அதன் பிறகுதான்.

கடந்த பதினாறு பதினேழு ஆண்டுகளில் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் காப்பீட்டுத் தொகையைப் பெருக்கின. காப்பீட்டின் வடிவத்தை மாற்றவில்லை. அடுத்த சீர்திருத்தம் வடிவத்தை மாற்றுவதாக அமைய வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

கடந்து வந்த வழி

தமிழ்நாட்டில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.72,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, 4 ஆண்டுகளுக்குச் சேர்த்து ரூ.1 லட்சம் என்பது அதன் வரம்பு. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் என வரம்பு உயர்ந்தது; குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ரூ.1.5 லட்சம் வரை வழங்கப்பட்டது. 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டபோது இரு திட்டங்களும் இணைக்கப்பட்டன. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2022 ஜனவரி 11 முதல் 5 ஆண்டுகளுக்குத் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. வருமான வரம்பும் ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஒரு லட்சம் ஐந்து லட்சமானது பெரிய செயல். ஆனால் 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோது வெளியான சிகிச்சைப் பட்டியலைப் பாருங்கள். 1,090 சிகிச்சை முறைகள், 52 பரிசோதனை முறைகள், 8 தொடர் சிகிச்சை முறைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு எட்டே எட்டுத் தொடர் சிகிச்சைகள். திட்டம் எதைச் சிகிச்சை என்று கருதுகிறது என்பதை இந்த எண்களே கூறிவிடுகின்றன. திடீரென வந்து, ஒரு முறை தீர்க்கப்பட்டு, கணக்கு முடிக்கப்படும் நோய்க்காகவே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. குழந்தையோடு வளரும் ஒரு நிலைக்கு அதில் இடம் குறைவு.

ஒரு குழந்தையின் ஓராண்டு

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாஞ்சாலங்குறிச்சியில் மூளை முடக்குவாதம் உள்ள 3 வயதுக் குழந்தை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வாரத்தில் 2 நாள் பயிற்சிக்கு வருமாறு மருத்துவர் அறிவுறுத்துகிறார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்குச் சென்று, முறை வரும் வரை காத்திருந்து, பயிற்சி முடித்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு 52 வாரங்கள் எனில் 104 நாட்கள். மாதத்துக்கு 26 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், தாயின் 4 மாதக் கூலி அதிலேயே போய்விடுகிறது.

நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் செல்லும் ஒரு துணையாளருக்கும் கட்டணமில்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் சுமந்து, நெரிசலில் ஏறி இறங்குவது எல்லா நாளும் இயலாது. பேருந்தை விட்டுவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். குழந்தையின் கால் வளர வளர, பாதம் வளையாமல் தாங்கும் காலணியையும் பட்டையையும் மாற்ற வேண்டும். சிறு குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள்ளேயே அவை சிறிதாகிவிடும். புரட்டாசியில் மானாவாரி விதைப்பு, பின்னர்க் களையெடுப்பு, தை மாசியில் அறுவடை என்று காட்டு வேலை அழைக்கும் காலங்களில் பயிற்சிக்கு வருவோர் எண்ணிக்கை குறைவதை நாங்கள் காண்கிறோம். அந்தப் பெற்றோர்க்கு அக்கறை இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. அந்தச் சில வாரக் கூலிதான் அவர்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

இந்த 104 பயணங்களில் ஒன்றுகூடக் காப்பீட்டின் கணக்கில் ஏறுவதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கான அட்டை வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பயிற்சியோ பாதியில் நிற்கிறது.

தடுக்கப் பணமில்லை; முற்றினால் உண்டு

பயிற்சி பாதியில் நின்றால் என்ன நேரும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தசைகள் இறுகுகின்றன. குதிகால் தரையில் படாமல் தூக்கிக்கொள்கிறது. இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. பின்னர் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. அப்போது காப்பீட்டின் கதவு திறக்கிறது.

வலிப்புக்கும் இதே நிலைதான். மாத்திரை தொடர்ந்தால் பல குழந்தைகள் பள்ளிக்குச் சென்று மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். மாத்திரை தீர்ந்து, வாங்கப் போக ஒரு நாள் வாய்க்காமல், இடையில் நின்றுவிட்டால் வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்து உண்டு. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுச் செலவைக் காப்பீடு ஏற்கும். மாத்திரை தவறாமல் கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டை ஏற்காது. முதல்வகை நீரிழிவில் இரத்தம் அமிலத்தன்மை அடைந்து குழந்தை மயங்கினால் காப்பீடு உண்டு. மயங்காமல் காக்கும் பரிசோதனைப் பட்டைகளுக்கு இல்லை.

பிறவி வளைபாதம் இதற்கு மாறான ஒரு நல்ல பாடம். பிறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஐந்தாறு கட்டுகள் போட்டு, தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சிறு கீறல் ஒன்று செய்து, பின்னர் 4 அல்லது 5 வயது வரை இரவில் பட்டைக் காலணி அணிவித்தால், பெரும்பாலான குழந்தைகளின் பாதம் நேராகிவிடும். பெரிய அறுவைச் சிகிச்சையே வேண்டாம். ஆனால் இச்சிகிச்சையின் வெற்றி, வீட்டில் அணிவிக்கும் அந்தக் காலணியில்தான் இருக்கிறது. அதைக் கைவிட்டால் பாதம் மீண்டும் வளையும். மலிவான, எளிய, தொடர்ச்சியான சிகிச்சையே மிகச் சிறந்த சிகிச்சையாக அமைவது குழந்தை மருத்துவத்தில் அரிய நிகழ்வு அன்று. அதைத் தாங்கும் வகையில் காப்பீடு அமையவில்லை என்பதே குறை.

காக்ளியர் கருவியும் இதையே உணர்த்துகிறது. கருவி ஒலியைக் கொண்டு சேர்க்கும். அந்த ஒலியை மொழியாக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தொடர் கேட்புப் பயிற்சி வேண்டும். பின்னர் மின்கலமும் கம்பியும் பழுதாகும். வெளிப்புறக் கருவியையே ஒரு நாள் மாற்ற நேரும். பல லட்சம் மதிப்புள்ள அறுவைச் சிகிச்சையின் பயன், சில ஆயிரம் ரூபாய் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

ஒரே தெருவில் இரு தாய்மார்

இதே கரிசல் மண்ணில் வேறொரு வகைக் காப்பீடும் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அது தொழிலாளர் அரசு ஈட்டுறுதி. மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இத்திட்டத்தில், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் சேர்கிறார்கள். ஊதியத்தில் 0.75 விழுக்காடு தொழிலாளியும் 3.25 விழுக்காடு முதலாளியும் செலுத்துகிறார்கள். படுக்கையில் சேர்வதற்கு மட்டுமன்றி, புறநோயாளராக வந்து மருந்து வாங்குவதற்கும் இத்திட்டம் பொருந்தும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் முழுவதும் பெற்றோரையே சார்ந்து வாழும் பிள்ளைக்கு, அக்குறைபாடு நீடிக்கும் வரை, வயது கடந்த பின்னும் மருத்துவ உரிமை உண்டு.

கோவில்பட்டிப் பகுதித் தீப்பெட்டி ஆலை ஒன்றில் பதிவுபெற்ற தொழிலாளியாக ஒரு தாய் வேலை செய்கிறார் என்று கொள்வோம். பக்கத்து வீட்டுத் தாய் வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டித் தருகிறார். இருவர் வீட்டிலும் வலிப்புள்ள குழந்தை. ஒரு குழந்தைக்கு மாதாந்தர மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் காப்பீட்டுக்குள் வருகின்றன, மற்றதற்கு வருவதில்லை. குழந்தைகளின் நோயில் வேறுபாடு இல்லை. தாயின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. தொடர் சிகிச்சையை உள்ளடக்கிய காப்பீடு நம் நாட்டில் இயலாத கனவு என்று எவரேனும் கூறினால், அது ஏழு பத்தாண்டுகளுக்கும் மேலாக நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறது என்பதே எங்கள் மறுமொழி.

தனியார் காப்பீட்டில் வந்த மாற்றங்கள்

சற்று வசதியுள்ள குடும்பங்கள் தனியார் காப்பீட்டை நாடுகின்றன. அங்கும் சில சீர்திருத்தங்கள் வந்துள்ளன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாக 2024-இல் குறைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு காப்பீட்டுத் திட்டத்தைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் 3 வயதுக் குழந்தைக்கு 36 மாதம் என்பது அது வாழ்ந்த காலம் முழுமைக்கும் சமம். மூளை வேகமாக வளரும் முதல் ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடாக, பின்னாளில் கிடைக்கும் பயிற்சி அமைவதில்லை. பெரியவர்களுக்குக் காத்திருப்பு ஒரு சிரமம். குழந்தைக்கு அது மீட்க இயலாத இழப்பு.

சட்டம் ஏற்கெனவே கூறியது

நாங்கள் கேட்பது சலுகை அன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 24-ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் உதவி, அதுபோன்ற திட்டங்களில் பிறருக்கு வழங்குவதைவிட குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. இ.எஸ்.ஐ. போன்ற திட்டங்களுக்குள் வராத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் ஒன்றையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது. 25-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது: மருத்துவச் சேவை, குறிப்பாகக் கிராமப்புறங்களில், வசிப்பிடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். ‘அருகிலேயே’ என்ற அந்த ஒரு சொல்லை நிறைவேற்றினாலே, மேலே கணக்கிட்ட 104 பயணங்களில் பெரும்பகுதி இல்லாமற் போகும்.

குழந்தைகளைக் கண்டறியும் பணியில் நாம் பின்தங்கவில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்கின்றன. பிறந்தது முதல் 18 வயது வரை 30 வகை நிலைகளைக் கண்டறிந்து, மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகின்றன. கண்டறிந்த பின் தொடர வேண்டிய பயிற்சிக்குத்தான் உறுதியான நிதிவழி இல்லை. அமெரிக்காவின் மெடிக்எய்டு என்னும் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் 1967-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. 21 வயதுக்கு உட்பட்டோரைக் காலமுறைப்படி பரிசோதிக்க வேண்டும். பரிசோதனையில் தெரியவரும் குறைக்கு உரிய சிகிச்சையையும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு அருகிலுள்ள தாய்லாந்து, 2002-இல் கொண்டுவந்த அனைவருக்குமான திட்டத்தில் புறநோயாளர் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. கண்டறிவதும் கைவிடாமல் தொடர்வதும் ஒரே கடமையின் இரு பாதிகள்.

எழக்கூடிய வினாக்கள்

எதிர்பாராத பெருஞ்செலவுக்காகத்தானே காப்பீடு, மாதந்தோறும் வரும் என்று தெரிந்த செலவை எப்படிக் காப்பீடாகக் கொள்வது என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் எந்தக் குடும்பத்தில் இத்தகைய குழந்தை பிறக்கும் என்பது எவருக்கும் முன்கூட்டியே தெரியாது. ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய எதிர்பாராமை அதுவே. அது நிகழ்ந்த பிறகு வரும் செலவை அந்த ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது காப்பீட்டின் நோக்கத்துக்கே மாறானது.

அரசு மருத்துவமனைகளில் அனைத்தும் இலவசம்தானே என்பது இரண்டாவது வினா. உண்மை, மருந்து வழங்குவதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி. ஆனால் மருந்து சிற்றூர் வரை வந்து சேர்ந்த அளவுக்குப் பேச்சுப் பயிற்சியாளரும் செயல்முறைப் பயிற்சியாளரும் வந்து சேரவில்லை. பயிற்சி இலவசமாக இருந்தும் பயணமும் கூலியிழப்பும் இலவசமாவதில்லை.

பயிற்சிக்குப் பணம் தந்தால் பொய்க் கணக்குகள் பெருகும் என்பது மூன்றாவது அச்சம். இதைப் புறக்கணிக்க முடியாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் அனுமதி, புகைப்படம், வீடு திரும்பும்போது சரிபார்ப்பு என்று இத்திட்டமே வழிமுறைகளை வகுத்திருக்கிறது. அவற்றைப் போலவே பயிற்சிக்கும் ஆண்டுத் திட்டம், வருகைப் பதிவு, குழந்தையின் முன்னேற்ற மதிப்பீடு ஆகியவற்றை வகுக்கலாம். முதற்கட்டமாக அரசு மையங்களுக்கும் பதிவுபெற்ற சிறப்புப் பள்ளிகளுக்கும் மட்டும் அனுமதி தரலாம்.

நாங்கள் வேண்டுவன

2022-இல் தொடங்கிய ஐந்தாண்டுக் காலம் 2027 ஜனவரி 10-ஆம் நாள் நிறைவடைகிறது. அடுத்த காலத்துக்கான விதிகள் எழுதப்படும்போதுதான் குரல் கொடுக்க வேண்டும். எழுதி முடித்த பின் அன்று. எங்கள் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கென ஆண்டுத் தொகுப்பு ஒன்று வேண்டும். இயன்முறை, செயல்முறை, பேச்சுப் பயிற்சிகளும், தொடர் மருந்தும், குறிப்பிட்ட பரிசோதனைகளும் அதில் அடங்க வேண்டும். ஐந்து லட்சத்தில் ஒரு சிறு பகுதியைப் படுக்கையில் சேராமலே பயன்படுத்த அனுமதித்தாலும் நல்ல தொடக்கமாகும்.

இரண்டாவது, கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பும் காப்பீட்டைச் சேர வேண்டும். காக்ளியர் கருவியின் உதிரிப் பாகமும், வளரும் காலுக்கேற்ற பட்டையும் சிகிச்சையின் தொடர்ச்சியே.

மூன்றாவது, இக்குழந்தைகளுக்கு வருமான வரம்பு நீக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ரூ.1,20,000 என்பது மாதம் ரூ.10,000. இதைவிடச் சற்றே கூடுதலாக ஈட்டும் குடும்பம், இத்தகைய குழந்தையை வளர்க்கும்போது, வரம்புக்குக் கீழுள்ள குடும்பத்தைவிட வறியதாகிவிடுகிறது. 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் வழங்கியது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு மாநிலத் திட்டத்தில் வருமான வரம்பு இல்லை. தேவையின் அடிப்படையில் கதவைத் திறக்க முடியும் என்பதற்கு இவை சான்று. முதுமைக்குத் திறந்த கதவு மழலைக்கும் திறக்கட்டும்.

நான்காவது, பயிற்சி ஊருக்கு வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார அளவில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி நடைபெறுகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் தொடங்கியுள்ளது. மூன்று துறைகளும் தனித்தனியே பதிவேடு வைத்திருக்கின்றன, குழந்தையோ ஒன்றுதான். மூன்றையும் ஒரே காப்பீட்டு எண்ணின்கீழ் இணைத்தால், ஒட்டப்பிடாரத்திலேயே பெறக்கூடிய பயிற்சிக்காகத் தூத்துக்குடி வரை அலைய வேண்டியிராது.

பெற்றோர் இப்போதே செய்யக்கூடியவை

விதிகள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இருப்பவற்றையே முழுமையாகப் பயன்படுத்தாத குடும்பங்கள் பல. குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லையெனில் காப்பீடு பெறுவது கடினம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைத் தள்ளிப்போடாமல் பெறுங்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோரை நாங்கள் அறிவோம். அந்த அட்டை குழந்தையைக் குறைத்து மதிப்பிடும் சான்று அன்று. அதன் உரிமைகளுக்கான திறவுகோல். கடுமையான பாதிப்பு உள்ளோருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கும் மாநில அரசு வழங்கும் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதுவே அடிப்படை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டைக் கேட்டுப் பெறுங்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிறுவனம், ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை இக்காப்பீட்டை வழங்குகிறது. வயது வரம்பில்லை, முன் பரிசோதனையும் இல்லை. புறநோயாளர் சிகிச்சை, பயிற்சி, மருந்து, போக்குவரத்து ஆகியவற்றுக்கும், ஒவ்வொன்றுக்கும் உரிய உள்வரம்புக்கு உட்பட்டு, பணம் திரும்பக் கிடைக்கும். நாம் கேட்கும் வடிவத்துக்கு மிக நெருங்கிய திட்டம் இதுவே. முதலில் கைப்பணம் செலவழித்துப் பின்னர்த் திரும்பப் பெற வேண்டும் என்பது கூலிக் குடும்பங்களுக்குத் தடை; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே ஒவ்வொரு ரசீதையும், மருந்துச் சீட்டையும், பயிற்சி வருகைக் குறிப்பையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உரிய காலத்துக்குள் விண்ணப்பியுங்கள். படிவம் நிரப்ப எங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளர்கள் உதவுவார்கள்.

தீப்பெட்டி ஆலையிலோ நூற்பாலையிலோ வேலை செய்பவர்கள், தங்கள் பெயர் இ.எஸ்.ஐ. பதிவில் உள்ளதா, அதில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நிறைவாக ஒன்று. கிராம சபைக் கூட்டங்களில் சாலையும் குடிநீரும் பேசப்படுகின்றன. நடக்க இயலாத குழந்தையின் பயிற்சி பேசப்படுவது அரிது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் எத்தனை குழந்தைகளுக்குத் தொடர் பயிற்சி தேவை, அருகில் அது எங்கே கிடைக்கிறது என்ற இரு வினாக்களைத் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள். மருத்துவர்களாகிய நாங்கள் எங்கள் வழியில் எழுதுவோம், வலியுறுத்துவோம். வரும் ஆண்டின் விதிகளில் ‘தொடர் சிகிச்சை’ என்ற சொல் இடம்பெற வேண்டுமெனில், பெற்றோரின் குரலும் அங்கே சென்று சேர வேண்டும்.